எலக்ட்ரிக்கல் சான்றிதழுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

உடுமலையில் இருக்கும் என் அக்கா மகன், பிளஸ் டூ முடித்த கையோடு ஒரு நோட்டீஸைப் படம் எடுத்து அனுப்பினான். ஆறு மாத எலக்ட்ரிக்கல் ரிப்பேர் டிப்ளமோ. கட்டணம் 35,000 ரூபாய், இரண்டு தவணை. அரசு அங்கீகாரம் பெற்ற சான்றிதழ், நூறு சதவீதம் வேலை உறுதி. "கட்டலாமா மாமா? அப்பா மூணு வட்டிக்கு வாங்கித் தர்றேன்னு சொல்றார்" என்று கீழே எழுதியிருந்தான்.

நான் ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படித்தவன். நூற்பாலைப் பராமரிப்பில் பல வருடம் இருந்துவிட்டு இப்போது சொந்தமாக மோட்டார் வேலை பார்க்கிறேன். சொந்தத்தில் யார் வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் முடித்தாலும் இந்தக் கேள்வி என்னிடம் வந்துவிடும். அவனுக்குப் போனில் சொன்னது போதவில்லை என்று பட்டதால் விரிவாகவே எழுதுகிறேன்.

கரண்டு வேலை என்று நாம் ஒரே பெயரில் சொல்வது சட்டப்படி இரண்டு வேலை. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் 2010இல் வந்தன, 2023இல் புதுப்பிக்கப்பட்டன. அதன்படி ஒரு வீட்டிலோ கடையிலோ வயரிங் போடுவது, கூட்டுவது, மாற்றுவது, பழுது பார்ப்பது எல்லாமே மாநில அரசின் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் வழியாக நடக்க வேண்டும். தகுதிச் சான்றிதழ் வைத்திருப்பவர் நேரில் நின்று மேற்பார்க்க வேண்டும். ஆனால் 250 வோல்ட்டுக்கு மேற்படாத பல்பு, ஃபேன், ஃப்யூஸ், சுவிட்ச், வீட்டு உபயோகச் சாதனங்கள் இவற்றைக் கழற்றி மாட்டுவதற்கு விலக்கு உண்டு, இணைப்பின் திறனும் தன்மையும் மாறாத வரைக்கும்.

இதை ஊர்ப் பேச்சில் சொன்னால், மிக்ஸிக்குக் கார்பன் பிரஷ் மாற்ற, ஃபேனுக்குக் கெப்பாசிட்டர் போட, கிரைண்டர் மோட்டாருக்குக் காயில் கட்ட எந்தத் தாளும் தேவையில்லை. கடை போட்டு உட்கார்ந்தால் வாடிக்கையாளர் பார்ப்பது கையைத்தான். புது வீட்டுக்கு வயரிங் போட்டு இணைப்பு வாங்க வேண்டுமானால் அங்கே தாள் வேண்டும். மின்வாரியம் கேட்கும் டெஸ்ட் ரிப்போர்ட்டில் உரிமம் பெற்றவர் கையெழுத்து இல்லாமல் வேலை நகராது. ஊரில் நன்றாக வயரிங் தெரிந்த எத்தனையோ பேர் வேலையை முடித்துவிட்டுக் கையெழுத்துக்கு மட்டும் இன்னொருவரிடம் போய் நிற்கிறார்கள். அந்தக் கையெழுத்துக்கு ஒரு விலை உண்டு, ஒவ்வொரு வேலையிலும்.

அப்படியானால் அந்த 35,000 ரூபாய் டிப்ளமோ இந்த இரண்டு வேலையில் எதற்கு உதவும்? ரிப்பேர் பக்கம் தாளே தேவையில்லை. வயரிங் பக்கம் இந்தத் தாள் செல்லாது. நோட்டீஸில் 'அரசு அங்கீகாரம்' என்று போட்டிருந்ததைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உத்யம் பதிவு எண்ணும் ஐஎஸ்ஓ 9001 என்பதும்தான் அங்கே இருந்தன. உத்யம் என்பது சிறுதொழில் நடத்துகிறோம் என்று பதிவு செய்துகொள்வது, டீக்கடைக்குக்கூடக் கிடைக்கும். ஐஎஸ்ஓ 9001 நிர்வாக முறைக்கான தரம். படிப்பை அரசு ஏற்றுக்கொண்டது என்று இரண்டும் சொல்வதில்லை. ஐடிஐ என்றால் என்சிவிடி எனும் தேசியத் தொழிற்பயிற்சிக் குழுவின் இணைப்பு இருக்கிறதா, குறுகிய காலப் பயிற்சி என்றால் என்சிவிஇடி எனும் தேசியத் தொழிற்கல்வி, பயிற்சிக் குழு அங்கீகரித்த அமைப்பின் சான்றிதழா என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்விக்கு நேரான பதில் வராத இடத்தில் பணம் கட்டக் கூடாது. மூன்று வட்டி என்றால் 35,000 ரூபாய்க்கு மாதம் 1,050. ஒரு வருடம் தள்ளிப்போனால் வட்டி மட்டும் 12,600. மச்சான் கஷ்டப்பட்டுச் சம்பாதிக்கிற காசு அது.

தாளை விடுங்கள், வேலை கற்றுக்கொள்ளலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அதே வேலையை இலவசமாகக் கற்றுத்தரும் இடம் இருக்கிறது. வங்கிகள் நடத்தும் கிராமிய சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களை ஆர்செட்டி என்பார்கள். 1982இல் கர்நாடகத்தின் உஜிரேயில் தொடங்கிய ஒரு முயற்சியைப் பார்த்து நாடு முழுக்க வந்தவை. மாவட்டத்துக்கு ஒன்று என்பது கணக்கு. மோட்டார் ரீவைண்டிங் (கருகிய காயிலை மறுபடி கட்டுவது), வீட்டு வயரிங், ஏசி ஃபிரிட்ஜ் பழுது என்று 30 நாள் பயிற்சிகள் நடக்கும். சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அவர்களே. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். பயிற்சிக்குப் பிறகு இரண்டு வருடம் தொடர்பில் இருந்து, கடை வைக்க வங்கிக் கடனுக்கும் வழி காட்டுவார்கள். 30 நாளில் யாரும் மெக்கானிக் ஆகிவிட முடியாது என்பது உண்மைதான். ஆறு மாதத்திலும் ஆக முடியாது. இரண்டுக்கும் பிறகு ஒரு வைண்டிங் கடையில் இரண்டு வருடம் கை கருக்க வேண்டியிருக்கும். அந்த இரண்டு வருடத்துக்கு முன்னால் 35,000 கட்டுவதா, சும்மா போவதா என்பதுதான் கேள்வி.

தனியார் பயிற்சி எல்லாமே வீண் என்று நான் சொல்லவில்லை. ஏசி வேலைக்கும் எலக்ட்ரானிக் போர்டு வேலைக்கும் நல்ல பட்டறை வைத்துச் சொல்லிக்கொடுப்பவர்களை எனக்குத் தெரியும். சேர்வதற்கு முன்னால் பட்டறையைக் காட்டச் சொல்ல வேண்டும். பிரித்துப்போட்ட மோட்டார் எத்தனை கிடக்கிறது, ஒரு மேசைக்கு எத்தனை பையன்கள், தப்பாகக் கட்டிக் கருக்கினால் மறுபடி கம்பி கொடுப்பார்களா என்று பார்க்க வேண்டும். கம்பி விலைக்குப் பயந்து ஆசிரியர் மட்டுமே கட்டிக்காட்டும் இடத்தில் கை பழகாது.

இனி ஐடிஐ. எலக்ட்ரீஷியன் பிரிவு இரண்டு வருடம், பத்தாம் வகுப்பு தேர்ச்சி வேண்டும். வயர்மேன் பிரிவும் இரண்டு வருடம்தான், எட்டாம் வகுப்பு போதும். தமிழ்நாட்டு அரசு ஐடிஐகளில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, ஷூ, வரைபடக் கருவிகள், புத்தகம், பஸ் பாஸ் எல்லாம் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்குப் பெண்கள் என்றால் புதுமைப்பெண், ஆண்கள் என்றால் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் சேரும். பையன்களுக்கு 40 வயது வரை சேர்க்கை, பெண்களுக்கு மேல் வயது வரம்பே இல்லை. இந்தக் கடைசி விஷயம் பலருக்குத் தெரியாது. கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் ஒரு பெண் எலக்ட்ரீஷியன் படிக்கலாம். அப்படி வந்து படித்த ஒருவர் எங்கள் மில்லில் பேனல் போர்டு வேலையை யாரையும்விடச் சுத்தமாகச் செய்தார்.

கட்டணம் இல்லை என்பதால் ஐடிஐக்குச் செலவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. பெரிய செலவு நேரம். பதினெட்டு வயதுப் பையன் படிக்காமல் ஹெல்பராகப் போனால் நாளுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 25 நாள், 12,500. இரண்டு வருடத்துக்கு 3 லட்சம். ஐடிஐயில் கைக்கு வருவது 750ம் 1,000மும் சேர்ந்து இரண்டு வருடத்தில் அதிகபட்சம் 42,000. ஆக, விட்ட வருமானம் 2,58,000. அப்புறம் ஒரு வருடம் அப்ரண்டிஸ், அதாவது தொழிற்சாலையில் வேலை பழகுபவனாகப் போகிறான். 2019இல் திருத்திய விதிப்படி ஐடிஐ முடித்தவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை 7,000. ஹெல்பர் கூலியோடு பார்த்தால் அந்த வருடமும் 66,000 குறைவு. மொத்தம் 3,24,000. சான்றிதழால் பிற்பாடு மாதம் 5,000 ரூபாய் கூடக் கிடைக்கிறது என்றால் இது திரும்பி வர ஏறக்குறைய ஐந்தரை வருடம் ஆகும். தனியார் ஐடிஐ என்றால் கட்டணமும் பஸ் செலவும் இதன் மேல். அங்கேயும் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் இருக்கின்றன, கவுன்சிலிங்கில் கேட்டால் சொல்வார்கள்.

இந்தக் கணக்கு பதினைந்து வயதுப் பையனுக்குப் பொருந்தாது. பத்தாவது முடித்த வயதில் அவன் கூலிக்குப் போகவே கூடாது, அதனால் விட்ட கூலி என்று ஒன்று இல்லை. தவிர, பத்தாவதுக்குப் பின் இரண்டு வருட ஐடிஐ முடித்து மொழிப்பாடத் தேர்வும் எழுதினால் பிளஸ் டூவுக்குச் சமம் என்று தமிழ்நாடு அரசு 2022இல் ஆணை போட்டது. பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடத்தில் சேரலாம். பத்தாவதோடு படிப்பு நின்றுபோகும் பிள்ளைக்கு அரசு ஐடிஐ மாதிரி லாபமான இடம் வேறு கிடையாது என்பது என் உறுதியான எண்ணம். என் அக்கா மகனோ பிளஸ் டூ முடித்தவன். அவனுக்கு இந்தச் சமன்பாட்டால் லாபமில்லை. அதனால்தான் அவன் கணக்கு கொஞ்சம் சிக்கலானது.

அந்த 5,000 ரூபாய் கூடுதல் எங்கிருந்து வரும் என்று பார்க்கலாம்.

முதலில் எல்லோரும் நினைப்பது மின்வாரிய வேலை. கள உதவியாளர் பணிக்கு எலக்ட்ரீஷியன் அல்லது வயர்மேன் பிரிவில் ஐடிஐ முடித்தால் கிடைக்கும் தேசியத் தொழிற்சான்றிதழ் வேண்டும். 2025இல் டிஎன்பிஎஸ்சி வழியாக 1,794 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது, அடிப்படைச் சம்பளம் 18,800இலிருந்து. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் 2020இல் 2,900 இடங்களுக்கு வந்த அறிவிப்பு, இரண்டு வருடம் பிள்ளைகளைக் காக்க வைத்துவிட்டு ரத்தானது. அந்த இரண்டு வருடமும் வேறு வேலைக்குப் போகாமல் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த பையன்களை நான் பார்த்திருக்கிறேன். மனசு கஷ்டமாக இருக்கும். ரயில்வேயில் உதவி லோகோ பைலட் வேலைக்கும் ஐடிஐ செல்லும். 2024இல் அந்த இடங்கள் 5,696இலிருந்து 18,799 ஆக உயர்ந்தன. அரசு வேலை வந்தால் போட்ட கணக்கெல்லாம் சீக்கிரமே நேராகிவிடும். வராவிட்டாலும் கணக்கு நேராகிற மாதிரி திட்டம் போட வேண்டும்.

அந்தத் திட்டத்தில் நான் அதிகம் மதிப்பது அப்ரண்டிஸ் வருடத்தை. திருச்சி பெல், நெய்வேலி, பெரம்பூர் ஐசிஎஃப் எல்லாம் ஐடிஐ முடித்தவர்களை எடுக்கிறார்கள். தனியார் தொழிற்சாலைகளும் எடுக்கின்றன. வருட முடிவில் தேர்வு எழுதித் தேறினால் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ். ஐடிஐயில் மூன்று ஹெச்பி மோட்டாரைப் பார்த்தவன் அங்கே முந்நூறு ஹெச்பியைப் பார்ப்பான். பேனல், மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ், இயந்திரத்தை இயக்கும் சிறு கம்ப்யூட்டரான பிஎல்சி என்று பாடத்தில் படமாக இருந்தது கைக்கு வரும். எனக்கு முதல் வேலை கிடைத்தது ஐடிஐ சான்றிதழால் இல்லை, அந்த ஒரு வருடத்தால்தான். சம்பளம் குறைவு என்று அதைத் தவிர்க்கிறவர்கள் பெரிய தப்புச் செய்கிறார்கள்.

அடுத்தது வயரிங் உரிமம். தமிழ்நாட்டில் இதைக் கொடுப்பது மின் உரிமம் வழங்கும் வாரியம், சென்னை கிண்டியில் இருக்கிறது. மின்கம்பியாள் உதவியாளர், மின்கம்பியாள், மேற்பார்வையாளர் என்று படிகள், அதற்கும் மேலே ஒப்பந்ததாரர் உரிமங்கள். மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு மாவட்டங்களில் அரசு ஐடிஐகளில் நடக்கும். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், வயரிங்கில் ஐந்து வருடத்துக்குக் குறையாத அனுபவம் வேண்டும். மேல் வயது வரம்பு இல்லை. மாலை நேர வயரிங் வகுப்பு முடித்தவர்களும் இதற்கு வரலாம். கட்டணம் சில நூறு ரூபாய்தான். செய்தித்தாளில் ஒரு மூலையில் அறிவிப்பு வரும், பாதிப்பேர் பார்க்கவே மாட்டார்கள்.

முப்பது வயதில், குடும்பத்தோடு, பத்து வருடமாக வயரிங் பார்க்கும் ஒருவர் 'நான் இப்போது ஐடிஐ சேரட்டுமா' என்று கேட்டால் வேண்டாம் என்பேன். இரண்டு வருடம் கூலியை விட்டால் வீடு தாங்காது. அவருக்கு இந்தத் தேர்வுதான் வழி. ஒன்றை மட்டும் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டும். உரிமம் உள்ள ஒப்பந்ததாரரிடம் வேலை பார்த்து, அனுபவத்தைக் கையெழுத்தோடு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பத்து வருட வேலைக்கு ஒரு வரி எழுத்து இல்லாமல் நிற்பவர்கள்தான் அதிகம். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்திலும் அவர் பதிந்துகொள்ளட்டும். மின்பணியாளர்களுக்கும் அங்கே இடம் உண்டு, விபத்து என்றால் குடும்பத்துக்கு ஒரு பிடிப்பு இருக்கும்.

வெளிநாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சவூதிக்கு எலக்ட்ரீஷியனாகப் போக இப்போது இங்கேயே திறன் தேர்வு எழுத வேண்டியிருக்கிறது, அதனால் ஆறு மாத டிப்ளமோவை வைத்து விசா வாங்கித் தருகிறேன் என்பவரை நம்ப வேண்டாம். பதிவு பெற்ற ஏஜென்ட் சட்டப்படி 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை முதலில் விசாரித்துவிட்டு மற்ற இடத்துக்குப் போகலாம்.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது வேறொன்று. நாளை மேசைக்கு வரப்போகும் சரக்கே மாறுகிறது. சாதாரண சீலிங் ஃபேன் 70, 75 வாட் இழுக்கும். கார்பன் பிரஷ் இல்லாமல் எலக்ட்ரானிக் போர்டால் ஓடும் பிஎல்டிசி ஃபேன் 28இலிருந்து 35க்குள். 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயமான பிறகு பிஎல்டிசி வேகமாக வீடுகளுக்குள் வருகிறது. பழைய ஃபேனில் பழுது என்றால் கெப்பாசிட்டர், பேரிங், காயில். பிஎல்டிசியில் பெரும்பாலும் போவது உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு. செம்புக் கம்பி விலை ஏறிய பிறகு சாதாரண ஃபேனுக்குக் காயில் கட்டுவதைவிடப் புதிது வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்கிறவர்கள் கூடிவிட்டார்கள். இன்வெர்ட்டர் ஏசி, இன்வெர்ட்டர் ஃபிரிட்ஜ் எல்லாமே அதே வழியில்தான் போகின்றன. ஆகவே ரிப்பேர் கற்றுக்கொள்ளப் போகிறவன் காயில் கட்டுவதோடு நிற்காமல் மல்டிமீட்டர் வைத்து போர்டில் கரண்டை விட்டு நிறுத்தும் மாஸ்ஃபெட் என்ற பாகம் போயிருக்கிறதா, டையோடு போயிருக்கிறதா என்று தேடவும் பழக வேண்டும். பயிற்சி நிலையத்தில் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி இது. பிஎல்டிசி போர்டு இருக்கிறதா என்று கேட்டு, ஆசிரியர் விழித்தால் அங்கே பணம் கட்டாதீர்கள்.

எங்கள் பக்கத்தில் இன்னும் அசையாமல் நிற்பது போர் மோட்டார் வேலை. உடுமலை, பொள்ளாச்சி, பல்லடம் சுற்றிலும் தோட்டந்தோறும் நீர்மூழ்கி மோட்டார். தமிழ்நாட்டில் விவசாய மின் இணைப்பு மட்டும் 23 லட்சத்துக்கும் மேலே. வோல்டேஜ் குறைந்தாலும் மூன்று ஃபேஸ் கம்பியில் ஒன்று அறுந்தாலும் மோட்டார் கருகும், பயிர் காத்திருக்காது, தோட்டக்காரர் அன்றைக்கே வருவார். தண்ணீருக்குள் ஓடுகிற மோட்டாருக்குப் பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி, ஒரு சுற்றில் உறை கீறினாலும் மறுபடி பிரிக்க வேண்டும். பொறுமை உள்ள கைக்கு இதில் நல்ல வருமானம் இருக்கிறது. சோலாரும் வருகிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டம் ஒரு கோடி வீட்டுக் கூரைகளைக் கணக்கு வைத்திருக்கிறது. அதற்கு ஆள் தயாரிக்கும் சூர்யமித்ரா பயிற்சி 600 மணி நேரம், ஐடிஐ எலக்ட்ரீஷியன்கள் சேரலாம். ஐடிஐ சான்றிதழுக்கு இப்படியும் ஒரு பலன் உண்டு, அடுத்த பயிற்சிக்கு அது நுழைவுச்சீட்டு ஆகிறது.

ரூபாயில் சேராத ஒன்றும் இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி மின்சாரம் தாக்கி இறந்தவர்கள் 2021, 2022 இரண்டு வருடமும் 12,000க்கு மேல். நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் மெயினை ஆஃப் செய்துவிட்டு ஃபேன் ஊக்குப் பக்கம் கை வைக்கப் போனேன். மெயின் ஆஃப் ஆனதும் வீட்டு இன்வெர்ட்டர் தானாக எடுத்துக்கொண்டு அந்த லைனுக்குக் கரண்டு கொடுத்துக்கொண்டிருந்தது. கை வைக்கும் முன் டெஸ்ட் லேம்ப் போட்டுப் பார்க்கிற பழக்கம் மட்டும்தான் என்னைக் காப்பாற்றியது. அந்தப் பழக்கத்தை இரண்டு வருடம் தினமும் திட்டித் திட்டி உண்டாக்கியவர் ஐடிஐயில் எங்கள் பயிற்றுநர். கடையில் நேராகச் சேர்ந்து இதைவிட நன்றாக வேலை கற்றவர்களை எனக்குத் தெரியும். எர்த் ஏன், கரண்டு கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் ஏன் 30 மில்லி ஆம்பியரில் விழுகிறது, நியூட்ரல் அறுந்தால் ஏன் டிவி புகைகிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. சொல்ல அங்கே நேரமும் இருக்காது.

அக்கா மகனிடம் இதைத்தான் சொன்னேன். 35,000 கட்டாதே. அரசு ஐடிஐ கவுன்சிலிங்குக்கு விண்ணப்பம் போடு. எலக்ட்ரீஷியன் இடம் கிடைத்தால் சேர், முடித்ததும் அப்ரண்டிஸை விடாதே. கிடைக்காவிட்டால் ஆர்செட்டியில் ரீவைண்டிங் முடித்துவிட்டு உரிமம் உள்ள ஒருவரிடம் சேர்ந்து, ஐந்து வருடத்தை எழுத்தில் சேர்த்துக்கொள். அப்பா கடன் வாங்கியே தீருவேன் என்றால் அதில் பத்தாயிரத்துக்கு மல்டிமீட்டர், கிளாம்ப் மீட்டர், நல்ல டூல்ஸ் வாங்கிக் கொடுக்கட்டும், அது கையில் நிற்கும். கவுன்சிலிங் வரைக்கும் சும்மா இருக்காமல் பக்கத்து வைண்டிங் கடைக்குப் போய்வா, இந்த வேலை உனக்குப் பிடிக்கிறதா என்று பார்.

போய்க்கொண்டிருக்கிறான். போன வாரம் பிரித்துப்போட்ட மோட்டார் ஒன்றின் படம் அனுப்பினான். இரண்டு ஃபேஸ் காயில் கரிக்கட்டையாக இருந்தது, மூன்றாவது புதுசு போலப் பளபளத்தது. "இது மட்டும் எப்படி மாமா தப்பிச்சது?" என்று கேட்டிருந்தான். மூன்று காயிலின் ஒரு முனை ஒன்றாகச் சேரும் ஸ்டார் கனெக்‌ஷனில் ஒரு ஃபேஸ் வராமல் போனால் அந்தக் காயிலில் கரண்டே ஓடாது, மற்ற இரண்டும் மொத்தச் சுமையையும் இழுத்துக் கருகும் என்று படம் போட்டு அனுப்பினேன். அப்போ காயில்களை முக்கோணமாகச் சேர்க்கும் டெல்டாவில் என்ன ஆகும் என்று அடுத்த கேள்வி வந்திருக்கிறது.